நேர்காணலும் நெடுங்காத்திருப்பும்

தோற்றுவாய்

கற்றவர்க்கு ஏற்ற பணியும் பணிக்கு ஏற்ற மாந்தரும் அமைதல் ஒரு நாட்டின் நல்வாழ்வுக்கு அடிப்படையாகும். இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக இன்று விளங்குவது நேர்காணல். மூன்றாண்டோ நான்காண்டோ பயின்ற கல்வி, மேசையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்திருப்போர் முன்னிலையில் சில நிமிடங்களில் எடைபோடப்படுகிறது. நேர்காணலுக்கு எவ்வாறு ஆயத்தமாவது, எவ்வாறு உடுத்துவது, எவ்வாறு விடை கூறுவது என்று மாணவர்க்கு அறிவுரை கூறும் நூல்கள் தெப்பக்குளத்துக் கடைகளில் அடுக்கடுக்காய்க் கிடைக்கின்றன. ஆனால், நேர்காணல் நடத்தும் நிறுவனம் வேலை நாடி வந்தவரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று கூறும் நூல் அரிதினும் அரிது.

தேர்வு என்பது ஒருவழிச் சோதனையா, இருவழிக் கடமையா என்னும் வினாவை எழுப்பி, அண்மை ஆண்டுகளில் நம் நாட்டு நிறுவனங்கள் சிலவற்றில் பணி நாடிச் சென்றோர் பெற்ற பட்டறிவின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் ஆள்தேர்வு

ஆளைத் தேர்ந்தெடுக்கும் கலை தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துதெளிதல் என்பது 51ஆம் அதிகாரம். அதனையடுத்துத் தெரிந்துவினையாடல் அமைந்துள்ளது. ஆராய்ந்து ஒருவரைத் தேர்வது ஓர் அதிகாரம். தேர்ந்தவரை உரிய பணியில் அமர்த்தி ஆள்வது மற்றோர் அதிகாரம். தேர்தலோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை இவ்வைப்பு முறையே உணர்த்துகிறது எனலாம். ஆராயாமல் ஒருவரை ஏற்பதும், ஆராய்ந்து ஏற்றபின் அவர்மீது ஐயம் கொள்வதும் நீங்காத துயரையே விளைவிக்கும் என்னும் கருத்தோடு முதல் அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கிறார். இக்கருத்தைப் படிப்பவர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதிக்கு அதுவே உரைகல்லாக அமையும்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளும் ஈண்டு நினைவுகூரத் தக்கவை. ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை வாயிலாக ஆள் தேரும் முறையை அவை விளக்குகின்றன. யார் தகுதியுடையார், யார் தகுதியிலார், எவ்வயதினர், எத்தகைய சொத்தும் கல்வியும் வேண்டும், கணக்குக் காட்டாதவர் நிலை யாது என்பன எல்லாம் அங்கே வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளன. அது பிரமதேய ஊர் ஒன்றின் சபை; எல்லார்க்கும் அவ்வாயில் திறந்திருக்கவில்லை என்பது உண்மையே. எனினும், தேர்வு விதியை முன்னரே வகுத்து, ஊரார் அனைவரும் காணுமாறு கல்லில் வெட்டி வைத்த நேர்மை போற்றற்குரியது. விதி நடுவில் மாறினால் கல்லே சான்று கூறும் அன்றோ!

பிறப்பு வழியிலிருந்து தேர்வு வழிக்கு

நேர்காணல் என்னும் அமைப்பின் அருமையை உணர வேண்டுமாயின், அது எதன் இடத்தைப் பிடித்தது என்பதை அறிதல் வேண்டும். அதற்குத் திருவரங்கத்தினும் சிறந்த சான்று இல்லை. அரங்கன் கோயிலின் வரலாறு கூறும் கோயிலொழுகு, அங்குப் பணிகள் கொத்துக் கொத்தாக வகுக்கப்பட்டு, உரிய குடும்பங்களிடம் வழிவழியாக விளங்கியதைக் காட்டுகிறது. தந்தை செய்த பணி மைந்தனுக்கு உரியது. அவ்வமைப்பில் உரிமைக்கு உறுதி உண்டு. வெளியில் நிற்பவருக்கு வாயில் இல்லை.

காவிரியின் தென்கரையிலோ இருபதாம் நூற்றாண்டு வேறொரு வழியைத் திறந்தது. 1928இல் பொன்மலையில் தென்னிந்திய இரயில்வேயின் பெரும் பணிமனை இயங்கத் தொடங்கியது. 1965இல் திருவெறும்பூரில், செக்கோசுலோவாக்கிய நாட்டின் தொழில்நுட்பத் துணையோடு, பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. அதனைச் சுற்றி எண்ணற்ற சிறுதொழிற்கூடங்கள் முளைத்தன. பற்றவைப்பவரும் கடைசல் பிடிப்பவரும் கணக்கரும் பொறியாளரும் தேவைப்பட்டனர். உழவர் வீட்டு மகனும் நெசவாளர் வீட்டு மகனும் தம் சான்றிதழை ஏந்தி, 'என் திறனைச் சோதித்துப் பாருங்கள்' என்று கூறும் வாய்ப்பு வந்தது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு அறிவிக்க வேண்டுமெனப் பணித்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாய்ப்புக்கு ஓரளவு துணைநின்றது. பரிந்துரைக் கடிதமும் உறவும் சாதியும் அங்கே அறவே ஒழிந்தன என்று கூறுவதற்கில்லை. ஆயினும், பிறப்பைக் கேளாது திறனைக் கேட்க வேண்டும் என்னும் நெறி நிலைபெற்றது.

எனவே, நேர்காணல் ஒன்று பழுதுபடும்போது ஒருவர்க்கு வேலை போகிறது என்பதோடு அமைவதில்லை. கற்றால் முன்னேறலாம் என்று ஓர் எளிய குடும்பம் கல்வியின்மீது வைத்த நம்பிக்கையும் உடன் பழுதுபடுகிறது. வேலை நாடுவோர் கடக்க வேண்டிய வாயில்கள் மூன்று. அவை அழைப்பு, வினா, காத்திருப்பு என்பன. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வாயில்: அழைப்பு

நேர்காணலுக்கு அழைக்கப்படுதலே முதல் தேர்வு. இத்தேர்வு விண்ணப்பதாரரின் கண்ணுக்குப் புலப்படாமல் நடைபெறுவது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. கல்வித்தகுதி ஒத்திருந்தது, பெயர் மட்டுமே வேறுபட்டது. உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முசுலிம் பெயர் என மூவகைப் பெயர்களில் அனுப்பப்பட்ட அவ்விண்ணப்பங்களுள், தலித் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்புக் குறைவாகவும், முசுலிம் பெயர் தாங்கியவற்றுக்கு அதனினும் குறைவாகவும் கிடைத்தது. விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே தேர்வு முடிந்துவிடுமாயின், எஞ்சிய வரிகளில் எழுதிய மதிப்பெண்ணுக்கு மதிப்பு ஏது?

பெயரைப் போன்றே மணநிலையும் வாயிலை அடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னைக்கு அருகில் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் ஆப்பிள் கைப்பேசிகளைப் பொருத்தும் பாக்சுகான் ஆலையில், திருமணமான பெண்கள் பணிக்கு எடுக்கப்படாமல் விலக்கப்பட்டதாக இராய்ட்டர்சு செய்தி நிறுவனம் 2024 சூனில் விரிவான செய்தி வெளியிட்டது. 2023 மார்ச்சில் நேர்காணலுக்குச் சென்ற சகோதரியர் இருவர், மணமானவரா என்று வாயிற்காவலர் கேட்ட ஒரே வினாவில் திரும்ப நேர்ந்ததாக அச்செய்தி கூறியது. நடுவண் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே இப்பொருளைக் கையில் எடுத்தது. புதிதாகப் பணியமர்த்தப்பட்டோருள் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தைந்து பேர் திருமணமான பெண்கள் என்பது நிறுவனத் தரப்பின் மறுமொழி. அதே ஆண்டு நவம்பரில், வேலை விளம்பரங்களில் வயது, பால், மணநிலை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டாம் என்று ஆள்சேர்ப்பு முகவர்களுக்கு நிறுவனம் அறிவுறுத்தியதாகவும் செய்தி வந்தது. வெளிச்சம் பட்டால் வாயில் சற்றேனும் திறக்கும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் வாயில்: வினா

அழைக்கப்பட்டவர் அடுத்துச் சந்திப்பது வினாவை. எவ்வினா எப்பணிக்குப் பொருந்தும் என்னும் சிக்கல் நெடுநாளையது. அமெரிக்க அறிவியலறிஞர் தாமசு ஆல்வா எடிசன் தம் நிறுவனத்தில் வேலை நாடி வந்த கல்லூரிப் பட்டதாரிகளுக்கு நூற்றைம்பதை நெருங்கும் வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். 1921இல் அது செய்தித்தாள்களில் வெளியாகிப் பெரும் விவாதத்தை எழுப்பியது. பிரான்சின் எல்லை நாடுகள் எவை என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. ஒளியின் வேகமும் ஊரின் பெயரும் நினைவில் இருத்தல் வேறு, தொழிலறிவு வேறு. நினைவாற்றலைத் திறமை என்று கருதிய அம்மயக்கம் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை.

வினாவின் தன்மையோடு, வினவும் நேரமும் கருதத் தக்கது. இதுபற்றி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இன்றும் வழிகாட்டுகிறது. துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் முன்னாளில் மண்டலப் பொறியியற் கல்லூரி எனப் பெயர் பெற்றிருந்ததை நாம் அறிவோம். அதனைப் போன்றே காசுமீரத்துச் சிறீநகரில் இயங்கிய மண்டலப் பொறியியற் கல்லூரியின் மாணவர் சேர்க்கையில், எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு 50 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. நேர்காணலோ ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடங்களே நீடித்தது. கேட்கப்பட்டவை பெற்றோரையும் உறைவிடத்தையும் பற்றிய வினாக்கள் என்று மாணவர் முறையிட்டனர். அசய் ஆசியா வழக்கு எனப்படும் அதில், 1980 நவம்பர் 13 அன்று தீர்ப்பு வழங்கிய நீதிமன்றம், மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது நியாயமற்றது என்றது. நேர்காணலை ஒலிநாடாவில் பதிவு செய்தல் விரும்பத்தக்கது என்றும் கூறியது. அது கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கேயாயினும், இரண்டு நிமிடப் பேச்சால் ஒருவரின் வாழ்வை அளக்க இயலாது என்னும் அதன் உட்கருத்து எல்லா நேர்காணலுக்கும் பொருந்தும்.

உளவியலாரும் இதனை வழிமொழிகின்றனர். சுமிட், அண்டர் என்னும் அறிஞர் இருவர் 1998இல் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையில், எல்லாரிடமும் ஒரே வரிசையில் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல், மனம்போன போக்கில் உரையாடும் நேர்காணலைவிடப் பணித்திறனை முன்னுணர்த்துவதில் மேம்பட்டது என்று காட்டினர். 2016 சனவரி 1 முதல் நடுவண் அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணல் கைவிடப்பட்டதும் இவ்வாயிலின் குறை உணரப்பட்டதாலேயே ஆகும்.

மூன்றாம் வாயில்: காத்திருப்பு

முதலிரு வாயில்களைக் கடந்தவர் பணிவாய்ப்புக் கடிதம் பெறுகிறார். வீட்டில் இனிப்பு வழங்கப்படுகிறது. கல்லூரி அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதப்படுகிறது. முன்னாளில் இத்துடன் கதை முடிந்தது. இந்நாளில் இங்கேதான் தொடங்குகிறது.

1981இல் நிறுவப்பட்டு, இந்தியாவின் முதன்மையான மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது இன்போசிசு. அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டு பட்டதாரிகளை வளாக நேர்காணல் வாயிலாகத் தேர்ந்தெடுத்தது. கணினிப் பொறியாளர் பணிக்கு ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு இலட்சம் உரூபாய்க்குள் ஊதியம் குறித்த கடிதங்கள் அளிக்கப்பட்டன. ஆனால், அவர்களுள் ஏறத்தாழ 2,000 பேருக்குப் பணியில் சேரும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. புனேயைச் சார்ந்த தகவல் தொழில்நுட்பப் பணியாளர் அமைப்பு ஒன்று 2024இல் நடுவண் தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது. இடைக்காலத்தில் ஊதியமின்றி முன்பயிற்சி பெறவும் தேர்வு எழுதவும் அவர்கள் பணிக்கப்பட்டனர் என்பதும் அம்முறையீட்டின் ஒரு கூறு. அளித்த கடிதம் ஒவ்வொன்றும் மதிக்கப்படும் என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் அப்போது உறுதி கூறினார்.

உறுதி ஓரளவு நிறைவேறியது. ஈராண்டுக்கு மேல் காத்திருந்த இளைஞர் பலர் 2024 அக்டோபரில் மைசூர்ப் பயிற்சி வளாகத்தில் சேர்ந்தனர். சில மாதப் பயிற்சிக்குப்பின் உள்மதிப்பீட்டுத் தேர்வு நடைபெற்றது. மும்முறையும் தேர்ச்சி பெறாதோர் 2025 பிப்ரவரி 7 அன்று வெளியேற்றப்பட்டனர். எண்ணிக்கை முந்நூற்றுக்குச் சற்று மேல் என்றது நிறுவனம். ஏறத்தாழ எழுநூறு என்றது பணியாளர் அமைப்பு. மூன்று வாய்ப்பு அளிக்கும் இம்முறை இருபதாண்டுக்கு மேலாக நடைமுறையில் உள்ளது என்றும், ஒப்பந்தத்திலேயே கூறப்பட்டுள்ளது என்றும் நிறுவனம் விளக்கியது. வெளியேறியவர்க்கு ஒரு மாதத் தொகையும் வேறு வேலை தேட உதவியும் அளிக்கப்பட்டன. நடுவண் அமைச்சகத்தின் அறிவுறுத்தலால் கருநாடகத் தொழிலாளர் துறையினர் விசாரித்தனர். அவர்கள் பயிற்சி நிலையினரே அன்றி நிலையான பணியாளர் அல்லர். ஆதலின் ஆட்குறைப்புச் சட்டம் அவர்க்குப் பொருந்தாது என்பது விசாரணையின் போக்காக வெளிவந்தது. அடுத்த மாதங்களிலும் இவ்வாறு வெளியேற்றம் தொடர்ந்தது.

இது தனியொரு நிறுவனத்தின் செயலன்று. விப்ரோ நிறுவனம் 2023 சனவரியில், உள்மதிப்பீட்டில் தேறாதோர் நானூற்றுக்கும் மேற்பட்டோரை விலக்கியது. அடுத்த மாதமே, ஆண்டுக்கு ஆறரை இலட்சம் என்று கடிதம் பெற்றுக் காத்திருந்த புதிய பட்டதாரிகளிடம், மூன்றரை இலட்சத்துக்கு உடன்பட்டால் விரைவில் சேரலாம் என்று கேட்டது.

சட்டம் யாது கூறுகிறது? அரசுப் பணியிலேயே, தேர்வுப் பட்டியலில் பெயர் இடம்பெறுவதால் மட்டும் ஒருவர்க்கு நியமனம் பெறும் மாறா உரிமை பிறப்பதில்லை என்று 1991இல் சங்கர்சன் தாசு வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசமைப்பு ஆயம் கூறியது. எனினும், தன்விருப்பப்படி நடந்துகொள்ளும் உரிமை அரசுக்கு இல்லை என்றும் அத்தீர்ப்பு வரம்பு கட்டியது. தனியார் துறையில் இவ்வரம்பும் இல்லை. கடிதத்தில் எழுதப்பட்ட நிபந்தனைகளே அங்குச் சட்டம். சட்டப்படி நிறுவனம் தவறாதிருக்கலாம். ஆராய்ந்து ஏற்றபின் ஐயுறுதல் என வள்ளுவர் சுட்டிய குற்றம் சட்டப் புத்தகத்தில் இல்லை. எனினும் அது தரும் துயர் குறைவதில்லை.

காரணமும் விலையும்

நிறுவனங்கள் இவ்வாறு நடப்பதற்குப் பொருளியல் காரணம் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் கணினிப் பணிகள் பெருகின. பழகிய பணியாளர் வேறிடம் நாடி விரைந்து விலகினர். 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டில் இன்போசிசில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் தாமே விலகினர். அவ்விடத்தை நிரப்ப 2021-22 நிதியாண்டில் 85,000 புதிய பட்டதாரிகளையும், அடுத்த ஆண்டில் 50,000க்கு மேற்பட்டோரையும் அந்நிறுவனம் எடுத்தது. பின்னர் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் செலவைச் சுருக்கின. பணியாளர் விலகலும் 2024 மார்ச்சு அளவில் நூற்றுக்குப் பதின்மூன்று என்னும் அளவுக்கு இறங்கியது. 2023-24இல் புதிய பட்டதாரிகளின் சேர்க்கை 12,000 என்ற அளவிற்குச் சுருங்கியது. கடிதம் கொடுத்தது பெருக்கின் காலத்தில். சேர்க்க வேண்டியதோ சுருக்கின் காலத்தில். கணக்குப் பிழைத்தது நிறுவனத்துக்கு, காத்திருந்தது இளைஞர்.

அக்காத்திருப்பின் விலை என்ன? கல்விக் கடன் பெற்றோர், பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்ததும் தவணை செலுத்தத் தொடங்க வேண்டும். பணியில் சேரும் நாள் ஈராண்டு தள்ளிப்போனால், வருவாய் வருமுன்னரே வங்கியின் அறிவிப்பு வந்துவிடும். மேலும், நிறுவனங்கள் பலவும் குறித்த ஆண்டில் பட்டம் பெற்றோரையே வளாக நேர்காணலுக்கு அழைக்கின்றன. ஓராண்டு காத்திருந்தவர் அடுத்த நிறுவனத்தின் பார்வையில் பழைய ஆண்டினர் ஆகிவிடுகிறார். பெண்ணாயின், திருமணப் பேச்சு ஒருபுறம் நெருக்கும்.

எம் மாணவர் ஒருவர் திருவரங்கத்தைச் சார்ந்தவர். தந்தை பூக்கட்டி விற்பவர். ஒரு நிறுவனத்தின் கடிதம் பெற்றுப் பதினொரு மாதம் கடந்தபின் துறைக்கு வந்தார். 'ஐயா, இடையில் வேறு வேலைக்குப் போனால் இந்த வேலை போய்விடுமா? போகாமல் இருந்தால் வீட்டில் என்ன சொல்வது?' என்று கேட்டார். எழுதிக் கேட்ட மின்னஞ்சல்களுக்கு விடை இல்லை. தொலைபேசியில் பேசிய குரல் ஒவ்வொரு முறையும் வேறு. 'இல்லை' என்று ஒரு சொல் கிடைத்திருந்தால் அவர் மறுநாளே வேறு வழி தேடியிருப்பார். மறுப்பினும் கொடியது மறுமொழியின்மை என்பதை அன்று அவர் முகம் உணர்த்தியது.

கல்லூரியின் கடமை

நிறுவனத்தை மட்டும் குறைகூறி அமைதல் நன்றன்று. கல்லூரிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டுதோறும் நம் அறிக்கைகளிலும் மலர்களிலும் விளம்பரங்களிலும் இத்தனை மாணவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று எண்ணிக்கை வெளியிட்டு மகிழ்கிறோம். அவ்வெண்ணிக்கை கடிதம் பெற்றோரைக் குறிக்கிறது. பணியில் சேர்ந்தோர் எத்துணையர், ஓராண்டு நிலைத்தோர் எத்துணையர் என்னும் கணக்கை எவரும் கேட்பதில்லை, நாமும் கூறுவதில்லை. விதைத்த அளவை விளைச்சல் என்று கூறும் உழவர் உண்டா?

வேலைவாய்ப்புப் பிரிவினர் வளாகத்துக்கு வரும் நிறுவனத்திடம் மூன்று வினாக்களை எழுத்து வழியாகக் கேட்கலாம். கடந்த ஆண்டு கடிதம் பெற்றோருள் பணியில் சேர்ந்தோர் எத்தனை பேர்? பணியில் சேர்க்கும் இறுதி நாள் எது? அந்நாள் தவறினால் மாணவர்க்கு எத்தனை நாளுக்குள் செய்தி கிடைக்கும்? இவ்வினாக்களுக்கு விடை கூறத் தயங்கும் நிறுவனத்துக்கு நம் அரங்கத்தை அளிக்குமுன் ஒருமுறை சிந்திக்கலாம். ஒரு நிறுவனத்தில் இடம் பெற்றவர் மற்றொன்றின் நேர்காணலில் பங்குபெறக் கூடாது என்னும் விதியைப் பல கல்லூரிகள் கடைப்பிடிக்கின்றன. பலருக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் பிறந்த விதி அது. ஆனால், கடிதம் தந்த நிறுவனம் நாளைத் தவறவிட்டால், அம்மாணவரை அவ்விதியிலிருந்து விடுவித்தலே நடுவுநிலையாகும்.

மாணவர் அறிய வேண்டுவன

பணிவாய்ப்புக் கடிதம் வேறு; பணி நியமன ஆணை வேறு. முன்னது எண்ணத்தைக் கூறுவது; பின்னது பணியைத் தருவது. கடிதம் கைக்கு வந்ததும் மகிழ்ச்சியோடு அதனை முழுமையும் படித்தல் வேண்டும். சேரும் நாள் குறிக்கப்பட்டுள்ளதா, அன்றிப் பின்னர் அறிவிக்கப்படும் என்று விடப்பட்டுள்ளதா என்று காண்க. ஆண்டுத் தொகை என்று கூறப்படுவதில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதி முதலியனவும் அடங்கும். மாதந்தோறும் கைக்கு வருவது அதனைப் பன்னிரண்டால் வகுத்த தொகையன்று. பயிற்சிக்காலம் எத்துணை, அதில் தேர்வு உண்டா, தேறாவிடில் நிலை யாது, இடையில் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம் உண்டா என்பனவற்றைக் கேட்டறிக. கேட்பதை எழுத்தால் கேட்க. விடையையும் எழுத்தால் பெறுக. வந்த மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் படியெடுத்து வைக்க.

வேலைக்கு எடுப்பதற்காகப் பணம் கேட்பவர் எவராயினும், அவர் காட்டும் கடிதம் எத்துணை அழகாயினும், அவ்விடம் விட்டு அகல்க. நேர்மையான நிறுவனம் வேலை நாடுவோரிடம் வைப்புத்தொகை கேட்பதில்லை. நியமன ஆணை கிடைக்கும்வரை வேறு முயற்சிகளை நிறுத்தாதீர்கள். அது நன்றி மறத்தல் ஆகாது. நிறுவனமும் ஓரிடத்துக்குப் பலரைப் பார்த்துத்தான் ஒருவரைத் தேர்கிறது. பணியில் சேரும்போது நியமனக் கடிதம் பெறுதல் இப்போது உங்கள் உரிமையும் ஆகும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணியாளர்க்கு நியமனக் கடிதம் வழங்குவதைக் கடமையாக்கியுள்ளன. ஆயினும், அச்சட்டம் காப்பது பணியில் சேர்ந்தவரையே. தேர்வுக்கும் சேர்க்கைக்கும் இடையே நிற்பவரைக் காக்கும் சட்டம் இனித்தான் வரவேண்டும்.

நிறைவுரை

அழைப்பில் பெயரையும் மணநிலையையும் பாராமை, வினாவில் பணிக்குரியதைக் கேட்டல், தேர்ந்தபின் நாளும் மறுமொழியும் தருதல் ஆகிய மூன்றும் வேலை தருவோர்க்குரிய அறங்கள். மெய்யான தகுதியைக் காட்டுதல், கடிதத்தைக் கற்றறிந்து ஏற்றல், ஏற்ற சொல்லைக் காத்தல் ஆகிய மூன்றும் வேலை பெறுவோர்க்குரியவை. இருதரப்பும் தத்தம் கடமையைச் செய்யும்போதுதான் நேர்காணல் என்னும் சொல், ஒருவரையொருவர் நேர்நின்று காணுதல் என்னும் தன் பொருளைப் பெறும்.

அடுத்த ஆண்டு வெளிவரும் நம் மலரில், தேர்ந்தெடுக்கப்பட்டோர் எண்ணிக்கைக்கு அருகில் பணியில் சேர்ந்தோர் எண்ணிக்கையும் இடம்பெறட்டும். அது முன்னதினும் சிறியதாகவே இருக்கலாம். சிறியதாயினும் மெய்யான எண் அது. பின்வரும் மாணவர்க்கு அதுவே நல்ல வழிகாட்டி.